ஐந்து பேய்ப்படங்களும் எதிர்ச்சுவரில் நிற்பவர்களும்

தம்பி, கையெழுத்து உன் அப்பாவுடையது, வாய் என்னுடையது. இடையில் எங்காவது புத்திமதி அளவுக்கு மீறிப் போனால் அது அவராகச் சேர்த்தது என்று வைத்துக்கொள். பொகவந்தலாவையில் மத்தியானச் சாப்பாடு முடிவதற்குள் பனிமூட்டம் இறங்கிவிட்டது. கடைக்கு ஆள் வரவில்லை. அதனால் உன் அப்பாவைப் பிடித்து மேசையில் உட்காரவைத்து, பக்கத்தில் முக்காலி போட்டுக்கொண்டு நான் சொல்லச் சொல்ல எழுதவைக்கிறேன். கனடாவுக்குப் போனதும் குளிர்காலம் முழுக்க நீயும் மருமகளும் போட்டுப் பார்க்க, அம்மாவுக்குப் பிடித்த ஐந்து பேய்ப்படங்களை வரிசைப்படுத்தி அனுப்பச் சொன்னாய். அதை வாட்ஸ்அப்பில் நாலு வரியில் அனுப்பியிருக்கலாம். நாலு வரிக்குள் அடங்காத ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசிவரை மூடிவைத்துவிட்டு டமாரென்று திறந்துகாட்டுகிற படங்கள் எனக்குப் பிடிக்காது என்பது உனக்குத் தெரியும். என் கண் பார்வை போய்க்கொண்டிருக்கிறது. உன் அப்பாவும் அத்தையும் இதை உனக்குச் சொல்லவே கூடாது என்று ஒரே பிடியாக நின்றார்கள். "பயணம் கெளம்புற புள்ளகிட்ட நல்லத மட்டுந்தான் சொல்லணும். அபசகுனமா ஒரு வார்த்த வாயில வரக்கூடாது" என்பது அத்தையின் சட்டம். உன் அப்பாவுக்கு வேறு பயம். தெரிந்தால் நீ பயணத்தை நிறுத்திவிட்டு வந்து இந்தக் கடையில் உட்கார்ந்துகொள்வாய் என்று நினைக்கிறார். அந்தப் பயம் எனக்கும் உண்டு. ஆனால் நீ தெரியாமல் போய், அங்கே போன பிறகு யாரோ சொல்லிக் கேட்டு, எட்டாத தூரத்தில் உட்கார்ந்து அழுவாயே, அது எனக்கு அதைவிடப் பெரிய பயம். முழுவதையும் படித்து முடிக்கும்வரை போனை எடுக்காதே.

இனி படங்கள். பெயர்களை என்னிடம் எதிர்பார்க்காதே. நம் கடை வீடியோக் கடையாக இருந்த காலத்தில் கெசட்டில் ஒட்டியிருந்த பெயர் பாதி நேரம் தப்பாகத்தான் இருக்கும். தோட்டத்திலிருந்து வருகிறவர்களும் பெயர் சொல்லிக் கேட்க மாட்டார்கள். "அக்கா, அந்தக் குடப் படத்தக் குடுங்க" என்பார்கள். நான் எடுத்துக் கொடுப்பேன். எல்லாப் பேய்ப்படத்தையும் வாடகைக்கு விடுவதற்கு முன்னால் நான் பார்த்துவிடுவேன். கெசட்டில் பூஞ்சணம் பிடித்திருக்கிறதா என்று சோதிக்கத்தான் பார்க்கிறேன் என்று உன் அப்பாவிடம் சொல்லுவேன். அவர் வீடியோ டெக்குக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, "முடிஞ்சுதா? போயிருச்சா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். பேய்க்கு வாழ்க்கைப்பட்டால் புளியமரம் ஏறித்தானே ஆக வேண்டும். இந்தக் குளிரில் புளியமரம் இல்லை, பாவம், சவுக்கு மரத்தில் ஏறினார்.

ஐந்தாம் இடம் அந்தக் குடைப்படத்துக்கு. ஒருவன் தினமும் மழையில் நனைந்து வீட்டுக்கு வருகிறான், குடையை வாசலில் விரித்து வைக்கிறான், தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிறான். ஒரு நாள் கதவைத் திறந்து பார்த்தால் வாசலில் இரண்டு ஈரக்குடைகள். அவ்வளவுதான் படம். அதற்குப் பிறகு இயக்குநர் பேயைக் கொண்டுவந்து காட்டிக் கெடுத்துவிட்டார், பேய் வந்ததும் நான் எழுந்துபோய் அரிசி களைந்தேன். ஆனால் அந்த இரண்டு குடைகளுக்காக அதற்கு ஓர் இடம் கொடுக்க வேண்டும். கொழும்பில் இந்தப் படம் ஓடவில்லையாம். எப்படி ஓடும்? மாதக்கணக்கில் மழை பெய்கிற ஊரில், வாசலில் எப்போதும் நாலு குடை சொட்டிக்கொண்டு நிற்கிற வீட்டில் இருந்து பார்க்க வேண்டும். அதைப் பார்த்த பிறகு உன் அப்பா வெகுநாள் குடையை மடக்கித் தன் கட்டிலுக்குக் கீழே வைத்துக்கொண்டார். வேறு யாரும் அங்கே குடை வைத்துவிடக் கூடாது என்று அந்த இடத்தில் ஒரு பூந்தொட்டியும் வாங்கி வைத்தார்.

நாலாவது ஒரு சிங்களப் படம். காட்டுப் பக்கத்தில் ஒரு விடுதி. அங்கே சமையல்காரன் தினமும் மேசையில் ஒரு தட்டு கூடுதலாக வைக்கிறான். ஏன் என்று ஒருவரும் கேட்பதில்லை. புதிதாக வந்த ஒருத்தி கேட்கிறாள், அன்றைக்கு ஒரு தட்டு குறைகிறது. பக்கத்துப் பேக்கரிக் குசுமாவோடு உட்கார்ந்து பார்த்தேன், அவள்தான் எனக்கு வசனத்தைச் சொன்னாள். "பயவெண்ட எபா அக்கே" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். பயப்படாதே என்று சொன்னவள்தான் முதலில் கண்ணை மூடிக்கொண்டாள். நல்ல பேய்ப்படத்துக்கு என் கணக்கில் ஒரே ஓர் இலக்கணம்தான். அது பட்டப்பகலில் பயமுறுத்த வேண்டும். இருட்டையும் பூனையையும் வைத்து யார் வேண்டுமானாலும் பயமுறுத்தலாம்.

இரண்டாம் இடத்துக்கு வருகிறேன். இந்தப் படத்தை நான் எத்தனை பேரிடம் திட்டியிருப்பேன் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். கடைக்கு வந்து அதைக் கேட்டவர்களை வேறு படம் எடுத்துப் போகச் சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறேன். ஒரு வீட்டு மருமகள் சன்னலில் யாரையோ பார்க்கிறாள். ஒருவரிடமும் சொல்லுவதில்லை. புருஷன் "என்ன பார்க்கிறாய்" என்றால் "ஒன்றுமில்லை" என்கிறாள். மாமியார் கேட்டால் தலைவலி என்கிறாள். அவள் சொல்லாமல் சொல்லாமல் வீடே நாசமாகிறது. "இவ வாயத் தொறந்து சொல்லியிருந்தா படம் பத்து நிமிஷத்துல முடிஞ்சிருக்கும், டைரக்டரு கடைய மூடிட்டுப் போயிருப்பாரு" என்று நான் சொல்ல, நீ விழுந்து விழுந்து சிரிப்பாய். இப்போது அதற்கு இரண்டாம் இடம் கொடுக்கிறேன். ஏனென்றால் போன மழைக்காலத்தில் நானும் அவளைப் போலத்தான் இருந்தேன். அந்த மருமகள் முட்டாள் இல்லை தம்பி. சொல்லிவிட்டால் அது உண்மையாகிவிடும் என்று பயந்தவள்.

முதல் நாள் நடந்தது இதுதான். மூன்று மணி போல, பனிமூட்டம் ஏறிவருகிற நேரம், கடை வாசலில் நின்றேன். எதிரே ரோட்டுக்கு அந்தப் பக்கம், மண் சரியாமல் கட்டியிருக்கிற கல்சுவர் உனக்குத் தெரியும். அதன்மேல் வரிசையாகப் பெண்கள் நின்றார்கள். இடுப்பில் சுற்றிக்கட்டிய சாக்குப் படங்கு, முதுகில் கொழுந்துக் கூடை, தலையில் துண்டு. காலையில் வேலைக்குப் பெயர் கூப்பிடுகிற பெரட்டில் காத்திருப்பதுபோல் நின்றார்கள். துண்டில் போட்டிருந்த பூக்கூடத் தெளிவாகத் தெரிந்தது. முகம் மட்டும் தெரியவில்லை. முகம் இருக்க வேண்டிய இடம் வெறுமனே இருந்தது. அந்தச் சுவர்மேல் ஓர் ஆடுகூட ஏறி நிற்க முடியாது. ஒரு லொறி வந்து மறைத்தது, போனது, அவர்கள் அப்படியே நின்றார்கள். ஒரு சத்தமும் இல்லை. உன் அப்பா உள்ளேயிருந்து "என்னத்தப் பார்க்குற?" என்றார். "ஒண்ணுமில்ல" என்றேன்.

ஒவ்வொரு மத்தியானமும் வந்தார்கள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள், ஆனால் நான் அரளவில்லை, அதுதான் விசித்திரம். இத்தனை வருஷம் பேய்ப்படம் பார்த்தவளுக்கு ஒரு பழக்கம் வந்துவிடுகிறது, இவர்கள் என்ன செய்யப்போகிறார்கள் என்று காத்திருந்தேன். உன் அத்தைதான் கண்டுபிடித்தாள். கடை வாசலில் பேசிக்கொண்டிருக்கும்போது நான் எதிரே வெறும் கல்சுவரைப் பார்த்து, யாரோ இறங்கி வருவதுபோல் நகர்ந்து வழிவிட்டேனாம். அடுத்த வெள்ளிக்கிழமை நோர்வூட் பக்கத்துத் தோட்டத்திலிருந்து கோடாங்கியைக் கூட்டிவந்துவிட்டாள். மனுஷன் உடுக்கையை அடித்துக்கொண்டு என் முகத்துக்கு நேரே குனிந்து, "யாரு நீ? எத்தன பேரு வந்திருக்கீங்க? என்னா கேட்டு வந்திருக்கீங்க?" என்று அதட்டினார். குரலுக்கும் கண்ணை உருட்டுவதற்கும் நான் நல்ல மதிப்பெண் போடுவேன், நம் படங்களில் வருகிறவர்களைவிட மேல். பிறகு அவராகவே பதிலும் சொன்னார். மண்சரிவில் போனவர்களாம், எடுக்காமல் விட்ட உடம்புகளாம், கும்பிடு கேட்கிறார்களாம். அதுவரை அரளாமல் இருந்த நான் அன்றைக்குத்தான் மத்தியானத்திலேயே கடைக் கதவைச் சாத்தினேன். அன்றிலிருந்து உன் அப்பா வெள்ளிக்கிழமை தவறாமல் அந்தக் கல்சுவரில் கற்பூரம் ஏற்றுகிறார். ஏற்றிவிட்டுத் திரும்பி என்னைப் பார்த்து, போய்விட்டார்களா என்று கண்ணால் கேட்பார். அவர் தலைக்கு மேலேயே நின்றுகொண்டிருப்பார்கள்.

"மூணாவத விட்டுட்டியே" என்கிறார் உன் அப்பா, பேனாவை நிறுத்திவிட்டு. எழுதுகிறவர் கணக்குப் பார்க்கிறார். சரி, மூன்றாவது சுவர்ப்படம். ஓர் ஆள் பக்கத்து வீட்டுக்காரனோடு சுவர் வழியாகவே பேசிப் பழகுகிறான், பிறகு பக்கத்தில் வீடே இல்லை என்று தெரிகிறது. எல்லோருக்கும் அது சாதாரணப் படம். ஒற்றைச் சுவரால் பிரித்த தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவளுக்கு அப்படி இல்லை. எங்கள் லயத்தில் யாராவது தும்மினால் சுவருக்கு அந்தப் பக்கத்து அறையிலிருந்து, அடுத்த காம்பராவிலிருந்து, "நூறாயுசு" என்று குரல் வரும். யார் சொன்னது என்று நாங்கள் ஒரு நாளும் எழுந்துபோய்ப் பார்த்ததில்லை. அந்தப் படத்தைப் பார்த்த பிறகுதான், பார்த்திருக்க வேண்டுமோ என்று தோன்றியது. போதுமா? எழுதுங்க.

எனக்குக் கண்ணில்தான் கோளாறு என்று தெரிந்தது பாஸ்போர்ட் போட்டோவால். இப்போது நம் கடையில் போன் ரீலோடு, போட்டோக் கொப்பி, பாஸ்போர்ட் போட்டோ இவைதானே ஓடுகின்றன. ஒரு பெண்ணுக்குப் படத்தை வெட்டி உறையில் போட்டுக் கொடுத்தேன். பிரித்துப் பார்த்துவிட்டு, "அக்கா, இது நான் இல்லையே" என்றாள். வாங்கிப் பார்த்தேன். எனக்கு அதில் யாருமே இல்லை. தோள் இருந்தது, சட்டைக் காலர் இருந்தது, நடுவில் சாம்பல் நிறமாக ஓர் ஓட்டை. நிமிர்ந்து அவளைப் பார்த்தேன், அவளுக்கும் அப்படியே. கல்சுவரில் நிற்பவர்களுக்கு மட்டும் முகம் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன் தம்பி. யாருக்குமே இல்லை என்று அன்றைக்குத்தான் கவனித்தேன்.

சாமான் வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத் தனியாக ஹட்டனுக்கு பஸ் ஏறிப்போய்க் கண் டாக்டரைப் பார்த்தேன். சின்ன வயசுப் பெண். வெளிச்சம் அடித்து வெகுநேரம் பார்த்தாள். பிறகு, சாப்பிட்டீர்களா என்று கேட்பதுபோல் சாதாரணமாகக் கேட்டாள், "அம்மா, இல்லாத ஆளுங்க யாராச்சும் தெரியுறாங்களா?" நான் பார்த்த படங்களில் டாக்டர் என்றால் "எல்லாம் உங்கள் பிரமை" என்று சொல்லிவிட்டு இடைவேளைக்குள் செத்துப்போவார். இவள் நான் வாயைத் திறக்கும் முன்னாலேயே கேட்டுவிட்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. "பயப்படாதீங்க. கண்ணு அனுப்பாத எடத்த மூள தானா வரைஞ்சுக்குது. இது பேயும் இல்ல, பைத்தியமும் இல்ல. நெறையப் பேருக்கு வருது, வெளிய சொல்றதில்ல" என்றாள். போன பார்வை வராதாம். கண்டிக்குப் போய் ஊசி போட்டுக்கொண்டே இருந்தால் மிச்சத்தைக் கொஞ்ச காலம் பிடித்துவைக்கலாமாம், எவ்வளவு காலம் என்று அவளால் சொல்ல முடியவில்லை. ஊசி தொடங்கிவிட்டது. உன் அப்பாதான் கூட்டிப்போகிறார். கண்ணில் ஊசி என்றதும் வெளியே வராந்தாவில் போய் நின்றுகொள்கிறார், அவருக்கு அதுவும் பேய்ப்படம்.

டாக்டர் சொன்னதை நான் நம்புகிறேன். உன் அப்பா டாக்டரையும் நம்புகிறார், கோடாங்கியையும் நம்புகிறார், ஊசியும் நடக்கிறது, கற்பூரமும் நடக்கிறது. இருந்தாலும் உன்னிடம் மறைப்பதில்லை என்று முடிவு செய்த பிறகு மிச்சத்தையும் சொல்ல வேண்டும். கொஞ்ச நாளாகக் கல்சுவரில் ஆள் குறைந்துவருகிறது. ஒரு நாள் வரிசையின் கடைசியில் ஓர் இடம் காலியாக இருந்தது. குறைந்தது நல்லதுதானே என்று உள்ளே திரும்பினால், அங்கே நின்றவள் அடுப்படி வாசலில் கூடையோடு நிற்கிறாள். இன்றைக்கு இந்த அறையில் மூன்று பேர். ஒருத்தி உன் பழைய புத்தக அலுமாரிப் பக்கம். ஒருத்தி கதவுக்குப் பின்னால். இன்னொருத்தி உன் அப்பா உட்கார்ந்திருக்கிற நாற்காலிக்கு ஒட்டினாற்போல் நின்று, அவர் எழுதுவதைப் பார்க்கிறாள்.

உன் அப்பா பேனாவை வைத்துவிட்டு எழுந்துபோனார். டீ போடப் போகிறேன் என்றார், ஆனால் வாசலில் போய் நின்றார். கூப்பிட்டுப் பார்த்தேன். "இத எழுத மாட்டேன். புள்ள பயந்துக்குவான்" என்றார்.

"அவன் பயந்துக்க மாட்டான். நீங்கதான் பயந்துக்கிட்டீங்க."

"ஆமா, பயந்தாத்தான் என்னா? ஒனக்குக் கண்ணு போவுது, என்னென்னமோ தெரியுதுங்குற, நான் ஒத்த ஆளா என்னா செய்யிறது? அவன் போயிட்டா யாரு இருக்கா?" என்றார். நாற்பது வருஷம் டெக்குக்கு முதுகைக் காட்டிய மனுஷன் இன்றைக்குத்தான் என் பக்கம் திரும்பி நின்று அதைச் சொன்னார். நீ போகக் கூடாது என்ற ஆசை அவருக்குள்ளும் இருந்திருக்கிறது. சொல்லாமல் வைத்திருந்திருக்கிறார். நீ நின்றுவிடுவாய் என்ற பயத்துக்கு அடியில். நான் எழுந்துபோய் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். பிறகு வந்து உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து எழுதினார். நாற்காலியை மட்டும் கொஞ்சம் சுவரோடு நகர்த்திப் போட்டுக்கொண்டார். இந்தப் பத்தியில் எழுத்து கோணலாக இருந்தால் அதனால்தான்.

முதலிடம் பாக்கி. போன வருஷம் தீபாவளிக்கு நீ போனில் அனுப்பிய படத்துக்குத்தான் முதலிடம். "எப்படிம்மா இருந்துச்சு?" என்று கேட்டாய். "நல்லாருந்துச்சு, கடைசியில கொஞ்சம் இழுவ" என்றேன். எந்தப் படத்துக்கும் பொருந்துகிற விமர்சனம் அது. அந்தப் படத்தை நான் பார்க்கவில்லை தம்பி, கேட்டேன். திரையில் நடுவெல்லாம் சாம்பலாகிவிட்டிருந்தது. ஒரு பெண் படியேறி வருகிற சத்தம், கதவுகள், மூச்சு. யார் வருகிறாள், எதற்கு வருகிறாள் என்று ஒன்றும் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். அவளுக்கு நானாக ஒரு முகம் போட்டுப் பார்த்தேன். என் அம்மாவின் முகம், குசுமாவின் முகம், மருமகளின் முகம் என்று ஒவ்வொன்றாக. பிறகு உன் முகத்தைப் போட்டுப் பார்த்தேன். அது சரியாக வரவில்லை. கன்னம் எப்படியிருக்கும், மூக்கு எங்கே முடியும் என்று நினைவுக்குக் கொண்டுவர முடியவில்லை. என் வாழ்க்கையில் எந்தப் படமும் என்னை அந்த அளவுக்குப் பயமுறுத்தியதில்லை.

போகாதே என்று சொல்ல எனக்கு ஆசையாக இருக்கிறது. ஆசை இல்லை என்று எழுதச் சொன்னால் அது பொய்யாகிவிடும். நீ இருந்தால் கண்டிக்கு நீ கூட்டிப்போவாய், உன் அப்பா தனியாக நிற்க வேண்டியதில்லை. ஆனால் நீ தங்கி, என் கண் எப்படியும் போய், பிறகு உன் முகத்தில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாமலே நாம் மூன்று பேரும் இந்தக் கடையில் உட்கார்ந்திருப்பதை நினைத்தால் அதுவும் நன்றாக இல்லை. எது சரி என்று எனக்குத் தெரியவில்லை. நீயும் மருமகளும் பேசி முடிவெடுங்கள். போனால் தெரிந்து போ. இருந்தால் என்மேல் பரிதாபப்பட்டு இருக்காதே. அந்தப் பெண்ணிடமும் எதையும் மறைக்காதே, அவளையும் மறைக்கவிடாதே. எனக்குத் தெரிந்த புத்திமதி இவ்வளவுதான், உன் அப்பா இதில் ஒன்றையும் சேர்க்கவில்லை.

எந்த முடிவானாலும் அதற்கு முன்னால் ஒரு தடவை வந்துவிட்டுப் போ. மத்தியானத்தில் வா, வெளிச்சம் இருக்கும்போது. கதவுக்குப் பக்கத்தில் நில், நான் வந்து பார்க்கிறேன். ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன், நீ திடுக்கிடக் கூடாது. நேராகப் பார்த்தால் எனக்கு உன் முகம் இருக்காது. கொஞ்சம் விலக்கிப் பார்த்தால்தான் ஓரத்தில் தெரியும். அதனால் நான் உன் தோளுக்கு அப்பால், உனக்குப் பின்னால் யாரோ நிற்பதுபோல் பார்த்துக்கொண்டிருப்பேன். வெகுநேரம் பார்ப்பேன். நீ திரும்பிப் பார்க்காதே. அப்போது நான் உன்னைத்தான் பார்க்கிறேன்.